ராக் பீச்சில் இல்லாத பாறை

புதுச்சேரி காந்தி சிலையை ஒட்டிக் கிடக்கும் கருங்கற்களைப் படமெடுத்து ‘பாறைக் கடற்கரை’ என்று போடாத சுற்றுலாப் பயணி இல்லை. அந்தக் கற்களில் ஒன்றுகூட அங்கே பிறந்ததல்ல. எல்லாம் லாரியில் வந்தவை. அலை எட்டாத மேல்வரிசைக் கற்களைத் தொட்டுப் பார்த்தால் போதும். கடல் தேய்த்த பாறைக்கு விளிம்பு மழுங்கியிருக்கும். இவற்றின் விளிம்பு இன்னும் கூர். ஏதாவது ஒரு கல்லின் முகத்தில் கட்டைவிரல் பருமனுக்கு நேர்க்கோடாக ஓர் அரைவட்டப் பள்ளம் தெரிந்தால், அது குவாரியில் வெடி வைக்கத் துளையிட்ட தடம்.

இந்தக் கல் வானூர், திண்டிவனம் பக்கத்துக் குவாரிகளின் இனம். வீடு கட்டும்போது நாம் வாங்கும் நீல ஜல்லியும் இதே சரக்குதான். புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்பார்கள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. எண்ணெய் பூசியதுபோன்ற கரும்பச்சைப் பளபளப்பு, உடைத்தால் சர்க்கரைக் கட்டிபோல மின்னும் முகம். சென்னைப் பல்லாவரத்துக் குன்றும் இதே இனம்தான்.

அப்படியானால் புதுச்சேரியின் சொந்தப் பாறை எது? கடற்கரையில் நின்று தேடினால் கிடைக்காது. கோரிமேடு ஏறுங்கள், அல்லது லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கும் மேட்டுக்குப் போங்கள். ஊரைவிட்டு உயர்ந்து நிற்கும் அந்தச் செந்நிலம்தான் இந்த ஊரின் பாறை. பலர் அதைப் பாறையென்றே ஒப்புக்கொள்வதில்லை. ‘செம்மண் மேடு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நகத்தால் சுரண்டினால் உதிர்கிற ஒன்றைப் பாறை என்று சொல்ல யாருக்கும் மனம் வராதுதான். ஆனால் புவியியலில் கெட்டியாக இருப்பது கணக்கல்ல. அடுக்கடுக்காகப் படிந்து, மேலே விழுந்த பாரத்தில் இறுகி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தொடர்ந்து அடையாளம் காணக்கூடியதாக இருந்தால் அது ஒரு பாறைத் தொகுதி. இதற்குப் பெயரும் உண்டு: கடலூர் மணற்கல். 1860களில் தென்னார்க்காட்டை ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் காலத்திலிருந்து இந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. பெயர்தான் கடலூர், உடம்பு அதைவிட எவ்வளவோ பெரியது.

வடக்கே காலாப்பட்டு, ஆரோவில், கோரிமேடு சேர்ந்த மேடு ஒன்று. தெற்கே கடலூரின் கேப்பர் மலையில் தொடங்கி பண்ருட்டி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் வரை போகும் மேடு இன்னொன்று. இரண்டும் ஒரே பாறை. இடையில் 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பள்ளம். அந்தப் பள்ளத்தை வெட்டியவை சங்கராபரணி, தென்பெண்ணை, கெடிலம் ஆகிய மூன்று ஆறுகளும். வில்லியனூரும் பாகூரும் நெல்லிக்குப்பமும் இந்தப் பள்ளத்தில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டலில் உட்கார்ந்திருக்கின்றன. பாகூர் ஏரிப்பாசன நெல்லும் நெல்லிக்குப்பத்துக் கரும்பும் இங்கே விளைவதற்குக் காரணம் இந்த வண்டல். அங்கிருந்து தெற்கே மேடேறிய உடனே நெல் மறைந்து முந்திரிக்காடு தொடங்குகிறது. சாலை ஓரத்தில் கரும்பு முடிந்து முந்திரி ஆரம்பிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினால், வண்டலுக்கும் மணற்கல்லுக்கும் நடுவிலுள்ள எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். வரைபடத்தைவிடப் பயிர் நன்றாகச் சொல்லும்.

தெற்கே இதே வகைப் பாறை தஞ்சாவூர் வல்லம் மேட்டிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் தலைகாட்டுகிறது. வல்லத்தில் கிடைத்த தெளிந்த படிகக் கூழாங்கற்களைத் தேய்த்துத்தான் ஒரு காலத்தில் தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். ஆந்திரத்தில் ராஜமகேந்திரவரத்து மணற்கல், கேரளத்தில் வர்க்கலைப் பாறை ஆகியவை இதற்கு ஒத்த காலத்துப் பங்காளிகள். வர்க்கலையில் செம்பாறை கடலுக்கு நேர்மேலே செங்குத்தாக நிற்பதால் உலகம் போய்ப் பார்க்கிறது. நம்முடையது கடலை விட்டுப் பின்வாங்கி, முன்னால் ஒரு மணல் திட்டை நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது. அழகில் ஒன்றும் குறைவில்லை, விளம்பரம்தான் குறைவு.

கையில் எடுத்துப் பார்த்தால்

கடலூர் மணற்கல்லை அடையாளம் காண ஆய்வகம் தேவையில்லை. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு தண்ணீர்ப் பாட்டில், கழிவறை கழுவும் ஆசிட்டைப் பத்து மடங்கு நீர்த்துச் சொட்டுக் குப்பியில் கொஞ்சம். போதும்.

முதலில் நிறம். வெறும் சிவப்பாக மட்டும் இருக்காது. சிவப்புக்கு நடுவே மஞ்சள், ஊதா, சுண்ணாம்பு வெள்ளை எனத் திட்டுத் திட்டாக இருக்கும். இரும்பு நன்றாகத் துருப்பிடித்த இடம் சிவப்பு, நீரேறிய துரு மஞ்சள், இரும்பு முழுக்கக் கரைந்து போன இடம் வெள்ளைக் களிமண். மழைநீர் இறங்கிய பாதையையும் நிலத்தடி நீர் ஏறி இறங்கிய மட்டத்தையும் இந்தத் திட்டுகள் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து மணல். உருப்பெருக்கியில் பார்த்தால் கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ் மணிகள். நடுநடுவே வெள்ளைக் கூழாங்கற்கள், பட்டாணி அளவிலிருந்து கொட்டைப்பாக்கு அளவுவரை, எப்போதாவது முட்டை அளவில். உருண்ட கல் என்றால் ஆறு உருட்டிக்கொண்டு வந்தது என்று பொருள். கூழாங்கல் அடுக்குக்கு மேலே மெல்லிய மணல், அதற்கு மேலே களி, மறுபடி கூழாங்கல் எனத் திரும்பத் திரும்ப வந்தால், வெள்ளம் வேகமெடுத்தும் தணிந்தும் மாறி மாறிப் படிந்தது என்று வாசிக்கலாம்.

ஆசிட் சொட்டு விட்டால் பொங்கக் கூடாது. பொங்கினால் அது கடலூர் மணற்கல் அல்ல. சேதராப்பட்டு, கரசூர், வழுதாவூர் பக்கத்தில் மேலே வரும் பழைய சுண்ணாம்புப் பாறையாகவோ, வண்டலில் உருவான ஓடைச் சுண்ணாம்புக் கட்டியாகவோ இருக்கும்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. எலுமிச்சை அளவுக் கட்டி ஒன்றைத் தண்ணீர் டம்ளரில் போட்டுவிடுங்கள். சாதாரண மணற்கல் கொஞ்ச நேரத்தில் விரிசல் விட்டு அடியில் குவியலாக உட்காரும். அப்படியே கிடந்தால் உங்கள் கையில் இருப்பது மேட்டின் மேல்தோல், அதாவது இரும்பு ஏறி இறுகிய செம்புறாங்கல். இந்த ஒரு டம்ளர் சோதனை இந்தப் பகுதியின் பாதிக் கதையைச் சொல்லிவிடும்: தோல் கெட்டி, உள்ளே சதை இளகல்.

கடலரிப்பைத் தடுக்க உள்ளூர்க் கல்லைப் போடாமல் ஏன் வானூரிலிருந்து கருங்கல் ஏற்றிவர வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் அந்த டம்ளரில் இருக்கிறது. செம்பாறையை அலையில் போட்டால் சேறாகிவிடும். கருங்கல் கொட்ட வேண்டிய நிலை ஏன் வந்தது என்பது வேறு கதை. சுருக்கமாகச் சொன்னால் 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவக்காற்றின்போது மட்டும் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கியதுதான் மிச்சம். சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்தது, நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. கல் கொட்டிய இடம் தப்பும், கல் வரிசை முடியும் வடமுனையில் அடுத்த குப்பம் அரிபடும். கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அரிப்பு ஊர் ஊராக நகர்ந்தது இப்படித்தான். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டாலும் இதே கணக்குதான். காந்தி சிலைக்கு வடக்கே இப்போது மணல் தெரிகிறதென்றால், நீருக்குள் வைத்த செயற்கைத் திட்டும் துறைமுக வாயிலிலிருந்து எடுத்துப் போட்ட மணலும் அதற்குக் காரணம்.

திருவக்கரைக் கல்மரமும் அதன் அடியும்

புதுச்சேரியிலிருந்து வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் திருவக்கரை. வக்ரகாளியம்மனுக்காகப் பௌர்ணமியன்று போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் நுழைகிறவர்கள் கொஞ்சம்தான். 247 ஏக்கர் பரப்பு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 1781-லேயே சொனரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயது.

இங்கே பார்க்க வேண்டியது மரத்தின் அழகை மட்டும் அல்ல, அது கிடக்கும் விதத்தை. எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. நிற்கிற அடிமரம் இல்லை, வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை, பட்டையும் இல்லை. இங்கே வளர்ந்த காடாக இருந்தால் வேராவது மிஞ்சியிருக்கும். எங்கோ மேற்கே மலைக்காட்டில் விழுந்து, வெள்ளத்தில் உருண்டு, கிளை முறிந்து, பட்டை உரிந்து இங்கே வந்து ஒதுங்கியவை இவை. மணல் மூடியதும் காற்று போகாமல் அழுகல் நின்றது. மணலுக்குள் ஓடிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள், மரத்தின் அணு அணுவாகப் புகுந்து உட்கார்ந்தது. புளி, மா இனங்களின் சொந்தக்காரர்கள் இதில் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. வளையமும் நாரும் மரம்போலவே தெரியும், ஆனால் கண்ணாடியைக் கீறும். (கீறிப் பார்க்க வேண்டாம், ஒரு துண்டுகூட எடுத்து வரவும் கூடாது. சட்டப்படிக் குற்றம்.)

கல்மரம் புதைந்திருக்கும் மணல் எது தெரியுமா? கடலூர் மணற்கல்தான். இதே ஊரைச் சுற்றித்தான் ஜல்லிக் குவாரிகளும் இருக்கின்றன. 250 கோடி ஆண்டுக் கருங்கல்லும் 2 கோடி ஆண்டு மணற்கல்லும் ஒரே ஊரில் தோளோடு தோள் நிற்கின்றன. அதாவது படிவுப் பாறைகளின் மேற்கு ஓரம் இது. இங்கிருந்து மேற்கே செஞ்சிவரை கருங்கல் குன்றுகள். கிழக்கே கடல்வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவுகள்.

அந்தப் படிவுகள் ஏன் இங்கே குவிந்தன? கோண்டுவானா பெருங்கண்டம் உடைந்து இந்தியா பிரிந்தபோது நமது கரையோரக் கருங்கல் துண்டு துண்டாகப் பிளந்து, சில துண்டுகள் கீழே இறங்கின. அந்தப் பள்ளங்களின் வரிசைதான் காவிரிப் படுகை. புதுச்சேரி அதன் வடகோடி. முதலில் கடல் உள்ளே வந்தது. வழுதாவூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் கிடைக்கும் அம்மோனைட் சுருள்கள், அதாவது அழிந்துபோன கடலுயிரியின் ஓடுகள், அந்தக் கடலின் சாட்சி. 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் இங்கே சேகரித்து அனுப்பியவற்றை 1846-ல் லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். பிறகு கடல் பின்வாங்கியது. மேற்கேயுள்ள மலைகளிலிருந்து ஆறுகள் மணலும் கூழாங்கல்லும் சுமந்துவந்து அந்தப் பழைய கடற்படிவின் மேல் பரப்பின. கடலோரச் சதுப்பில் மக்கிய காடு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாகவும், ஆற்று மணலில் சிக்கிய மரம் திருவக்கரையில் கல்லாகவும் ஆனது. இரண்டும் மரம்தான், ஒன்று சேற்றில் விழுந்தது, ஒன்று மணலில் விழுந்தது.

சாய்வு என்கிற ஒரே விஷயம்

இந்தப் பாறை கிடைமட்டமாகக் கிடக்கவில்லை. கிழக்கும் தென்கிழக்குமாக, கண்ணுக்குத் தெரியாத சாய்வு. ஒரு டிகிரி சாய்ந்தாலே கிலோமீட்டருக்கு 17 மீட்டர் கீழே இறங்கும். 10 கிலோமீட்டரில் 170 மீட்டர். மேட்டில் கையால் தொடுகிற அடுக்கு கடற்கரையில் ஆழ்துளைக் கிணற்றின் அடியில் இருப்பதற்கு இதுதான் காரணம். கடலை நெருங்க நெருங்க மணற்கல்லின் பருமனும் கூடுகிறது. புதுச்சேரிப் பகுதியின் தென்கிழக்கு மூலையான மணப்பட்டு பக்கம் அது சில நூறு மீட்டர்.

முந்திரிக்காட்டில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, இரண்டு களி அடுக்குகளுக்கு நடுவே சிக்கி, சாய்வோடு கடலை நோக்கி நகர்கிறது. மேட்டில் உள்ள நீர்மட்டம் உயரத்தில். கரையில் உள்ள நிலம் தாழ்வில். களியில் ஒரு ஓட்டை போட்டால் நீர் தானே பொங்கி வரும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியில் இப்படிப் பொங்கும் குழாய்க் கிணறுகள் போடப்பட்டு, அப்படியானால் சென்னையிலும் கிடைக்குமா என்று அறிக்கை எழுதும் அளவுக்குப் பேசப்பட்டன. சென்னைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் அடியில் இப்படியொரு சாய்ந்த மணற்கல் இல்லையே. பாகூர்ப் பக்கம் இப்படித் துளையிட்டபோதுதான் பழுப்பு நிலக்கரியும் முதலில் தலைகாட்டியது. நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரும்பொருள் வந்ததும் இதே கதையின் அடுத்த பகுதி.

புதுச்சேரியின் சின்னமாக அரசு முத்திரையில் இருக்கும் ஆயி மண்டபமும் இந்தப் பாறையால் வந்ததுதான். மேட்டின் அடிவாரத்தில் முத்திரையர்பாளையம். மணற்கல் வழியே இறங்கிய நீர் மேடு முடியும் இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்துக் கிணறுகள் உவர்ப்பு. நல்ல தண்ணீருக்கு இந்த ஊற்றிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார்கள். பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் அது நடந்தது. பல காலத்துக்கு முன்பே தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையைக் கேட்டு அந்த மண்டபத்துக்கு அவள் பெயர் வைத்தார்கள் என்பது வழக்கு. வெள்ளை மண்டபத்தைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் ஊற்றைப் போய்ப் பார்க்கிறார்கள்? நகரத்துக்குக் குடிநீர் இன்றும் அந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வருகிறது.

நெய்வேலியில் இதே நீர் எதிரியாகிவிடுகிறது. நிலக்கரி அடுக்குக்கு மேலே 50-லிருந்து 100 மீட்டர்வரை மணற்கல்லும் களியும். ஒரு டன் நிலக்கரிக்கு 5 கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அள்ள வேண்டும். இங்கே மணற்கல் ஆழத்தில் இறுகியிருப்பதால் நகத்துக்கு உதிராது. குவார்ட்ஸ் மணிகள் சக்கர வாளி இயந்திரத்தின் பற்களை அரைத்துத் தின்னும். வெடிவைத்துத் தளர்த்தாமல் தோண்ட முடியாது. அதைவிட ஆபத்து அடியில். நிலக்கரிக்குக் கீழே சிறைப்பட்டிருக்கும் நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேலே உந்துகிறது. 60–80 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் பலம் அது. மேலே உள்ள பாரத்தை எடுத்துவிட்டால் தரை பிளந்து சுரங்கம் மூழ்கும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தை இறக்கியபடியேதான் தோண்ட வேண்டும். 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்து 1961-ல் முதல் நிலக்கரியைத் தொட்டதற்கு இடையிலான ஆண்டுகளில் முக்கியச் சண்டை நீரோடுதான். இறைத்த நீர் பரவனாற்றிலும் பெருமாள் ஏரியிலும் சேர்ந்து, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பயிர் வளர்க்கிறது. ஆனால் கிழக்கே தானே பொங்கிய கிணறுகளில் இன்று மோட்டார் இறங்கியிருக்கிறது. ஒரு பானையில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுவிட்டு மட்டம் ஏன் இறங்குகிறது என்று கேட்பதில் பொருளில்லை.

போர் போடுகிறவர்களுக்கு

இந்தப் பாறையைப் புரியாமல் போட்ட ஆழ்துளைக் கிணறுதான் கடலூர், புதுச்சேரிக் கரையில் அதிகம் கெடுகிறது. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கருங்கல்லில் போடுவதுபோலச் சுத்தியல் வண்டியை வைத்து அடித்து, மேலே கொஞ்சம் கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) விட்டு நிறுத்தினால் இங்கே துளை இடிந்து மூடிக்கொள்ளும். களிமண் கரைசலைச் சுழலவிட்டுத் துளைக்கும் ரோட்டரி முறைதான் இதற்கு.

துளைக்கும்போது 3 மீட்டருக்கு ஒரு முறை வெளியே வரும் மண்ணைத் தனித்தனியாகத் தாளில் குவித்து, ஆழம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதில்லை; பிறகு நீர் உள்ளே வரத் துளையிட்ட ஃபில்டர் பைப் களி அடுக்குக்கு நேராக உட்கார்ந்து தண்ணீரே வராது. பருமணலும் கூழாங்கல்லும் வந்த ஆழத்துக்கு நேராகத்தான் ஃபில்டர் இருக்க வேண்டும், களிக்கு நேராக வெற்றுக் குழாய்.

ஹேக்சா பிளேடால் பிவிசி குழாயில் கீறல் போட்டு, தென்னை நாரைச் சுற்றி இறக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கீறல் அகலம் ஒரே சீராக இருக்காது, மணல் உள்ளே வரும். மோட்டாரில் நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் குவார்ட்ஸ் மணல் தேய்த்துவிடும். அதைவிட மோசம், வெளியேறிய மணலுக்குப் பதில் அடியில் பொந்து உண்டாகிக் குழாய் வளைந்துவிடும். தொழிற்சாலையில் வெட்டிய சீரான துளைக் குழாயும், அதைச் சுற்றி 2 முதல் 4 மில்லிமீட்டர் உருண்ட சுத்தமான கூழாங்கல் நிரப்பலும் தேவை. துளையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் எல்லாப் பக்கமும் 3 அங்குலம் இடம் விட்டால்தான் அந்தக் கூழாங்கல் சீராக இறங்கும். பிறகு கம்ப்ரசர் காற்று. நீர் கண்ணாடிபோல வந்தபிறகும் நிறுத்தி, மறுபடி திறந்து, மணல் வருவது நிற்கும்வரை விட வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஆளை அனுப்பிவிட்டால் அந்த மிச்சத்தை மோட்டார் வாங்கிக்கொள்ளும்.

கடற்கரையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. மேலே உள்ள ஆற்று வண்டலிலும் கடல்மணலிலும் நீர் பல இடங்களில் உவர்ப்பு. கீழே மணற்கல்லில் நன்னீர். இடையில் இருக்கும் களிதான் பாதுகாப்பு. துளை அந்தக் களியைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறது. குழாய்க்கு வெளியே அந்தக் களி அடுக்குக்கு நேராக, குறைந்தது 5, 6 மீட்டர் உயரத்துக்கு சிமெண்டுக் கூழ் அல்லது பென்டோனைட் களி விட்டு அடைக்காமல் மேலேவரைக்கும் கூழாங்கல்லைக் கொட்டினால், உவர்நீர் குழாய் ஓரமாகவே கீழே வழிந்து நன்னீர் அடுக்கைக் கெடுக்கும். உங்கள் வீட்டுக் கிணறு மட்டுமல்ல, தெருவே கெடும். ‘போன வருஷம் தித்திப்பு, இப்போ உப்பு’ என்று பலர் சொல்வதைக் கடல் உள்ளே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் அடைக்காத பழைய போர் ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கைவிட்ட போரை மேலே கல் வைத்து மூடுவது போதாது. அடியிலிருந்து நிரப்பி அடைக்க வேண்டும்.

மேடு கரையும் விதம்

பொம்மையார்பாளையம், ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளை இப்போது எல்லோரும் படமெடுக்கப் போகிறார்கள். மழைநீர் சேர்ந்து ஓடிய இடத்தில் முதலில் ஒரு சின்னக் கீறல். மேலே இறுகிய செம்புறாங்கல் தோல், கீழே இளகிய மணல். நீர் தோலில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து உள்ளே போய் மணலை அரித்து எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியேறும். தோல் பந்தல்போலத் தொங்கும். ஒரு நாள் விழும். ஓடையின் தலை இன்னும் கொஞ்சம் மேட்டுக்குள் பின்வாங்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு விளிம்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். காலடியில் தரை இருக்கிறதா, பந்தல் இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது.

1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பெரும்பாலும் மரமற்ற செம்பாலைதான். ஓடையின் அடிவாரத்தில் அணை கட்டுவதைவிட, மேட்டின் உச்சியிலிருந்து சம உயரக் கோட்டில் வரப்பு போட்டு விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தியதால்தான் அங்கே இன்று காடு நிற்கிறது. வரப்பின் அளவைவிட மட்டம் முக்கியம். ஓரிடத்தில் ஒரு சாண் தாழ்ந்தால் மொத்த நீரும் அங்கே திரண்டு உடைத்துப் புது ஓடையை உண்டாக்கும். நீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பிடித்துத்தான் கோடு போட வேண்டும், கண்ணளவில் கூடாது. ஓடைத் தலைக்குப் பக்கத்தில் மழைநீர்ச் சேகரிப்புக் குழி வெட்டுவதும் தவறு. அது உள்ளரிப்புக்கு நாமே வழி திறந்துவிடுவது.

தெற்கு மேட்டில் இதே குணம் உயிரையும் வாங்கியது. 2015 நவம்பரில் நெய்வேலி, பண்ருட்டிப் பக்கம் ஒரே நாளில் கொட்டிய மழையில், முந்திரிக்காட்டு மேட்டிலிருந்து இறங்கிய ஓடைகள் விசூர், பெரியகாட்டுப்பாளையம் வழியே பாய்ந்தன. மணல் என்பதால் எவ்வளவு மழையையும் உறிஞ்சிவிடும் என்ற எண்ணம் தப்பு. முதல் மழையில் தோல் கெட்டித்து, மணி ஒன்றுக்குச் சில சென்டிமீட்டருக்கு மேல் கொட்டும்போது மேட்டில் விழுவதில் பெரும்பகுதி ஓடத் தொடங்கும். ஆண்டு முழுக்க வறண்டு கிடக்கும் ஓடை என்பதால் அதன் படுகையில் வீடு வருகிறது. ஓடையின் பழைய அகலத்தை இருபுறமும் உள்ள செங்குத்துக் கரை இன்னும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பயிர் விஷயத்தில் இந்த மண் தயவு தாட்சண்யம் இல்லாதது. நீர் நிற்காது, எனவே வேர் அழுகல் பயம் இல்லை. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் நிமிர்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம். இரும்பு மிகுதி, எனவே மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்காது. தொழுவுரத்தோடு கலந்து குழியில் வைத்தால்தான் பலன், மேலே தூவினால் வீண். முந்திரிக்கென்றே விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருப்பதும், அதே ஊரில் பீங்கான் தொழில் வேர்விட்டதும் ஒரே பாறையின் இரண்டு முகங்கள்: மேலே செம்மணல், நடுவில் வெள்ளைக் களி.

ஒரு நாளில் பார்க்க வேண்டுமானால் காலையில் திருவக்கரையில் தொடங்குங்கள், வெயில் ஏறுமுன் கல்மரம். அங்கிருந்து வழுதாவூர், சேதராப்பட்டு வழியாக வந்தால் கருப்பு வண்டல் வயல்களும் சுண்ணாம்புத் துண்டுகளும். ஆசிட் சொட்டு இங்கே வேலை செய்யும். கோரிமேடு ஏறி இறங்கி முத்திரையர்பாளையம் ஊற்று. வில்லியனூரில் சங்கராபரணியையும் அதற்குத் தெற்கே பெண்ணையாற்றையும் கடந்து நெல்லிக்குப்பம் கரும்புக்கு நடுவே போனால் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரிப் படி ஏறி ஹயக்ரீவரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே பாருங்கள். நீங்கள் நிற்கும் குன்றை அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையின் துண்டு என்பார்கள். காலடியில் இருப்பது காலையில் கோரிமேட்டில் பார்த்த அதே செம்பாறை. கீழே கெடிலம் அந்த மேட்டின் அடியைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. அப்புறம் கேப்பர் மலைச் சாலையைப் பிடித்து வடலூர், நெய்வேலி. சாலையை அகலப்படுத்தப் புதிதாக வெட்டிய மண்சுவர் எங்கே தென்பட்டாலும் நிறுத்துங்கள். கிராவல் குவாரிக்குள் மட்டும் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். லாரியைவிட, அடியில் குடைந்து எடுத்த சுவர்தான் ஆபத்து.